பெட்டி ஞாயிறு

எடை போடுகிறவனிடம் யாரும் உண்மை சொல்வதில்லை. பார்சல் ஆபீசில் இருபத்தேழு வருஷமாகத் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். "உள்ளே வெறும் துணிதான் சார்" என்று சொல்லாத ஆளை இன்னும் பார்க்கவில்லை. தூக்கி வைத்தால் முள் அறுபதில் போய் நிற்கும். அப்படி என்ன துணி, இரும்பில் நெய்ததா என்று கேட்டால் முறைப்பார்கள். ஆபீசில் பொய் சொல்கிறவர்களாவது என்னைப் பார்த்துக் கொஞ்சம் பயப்படுவார்கள். எங்கள் சபைக்காரர்கள் என்னைப் பார்த்து "ஸ்தோத்திரம் பிரதர்" என்று சிரித்துக்கொண்டே தராசில் ஏற்றுவார்கள்.

எங்கள் சபைக்கு வழிப்போக்கர் சபை என்று பெயர். இந்தப் பூமி நமக்குச் சொந்த ஊர் இல்லை, போகிற வழியில் தங்குகிற இடம், அவ்வளவுதான் என்பது எங்கள் நம்பிக்கை. நல்ல நம்பிக்கைதான், எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. பிரசங்கத்தில் போதகர் எங்களைப் பரதேசிகள் என்பார், எல்லோரும் ஆமென் போடுவோம். அதையே தெருவில் ஒருவன் சொன்னால் சட்டையைப் பிடிப்போம்.

சபைக்குச் சொந்தமாக மூன்று மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதில் இருபத்திரண்டு குடும்பங்கள். என் அக்கா மூன்றாம் மாடி மூலை அறையில் இருக்கிறாள். அத்தான் இருந்தபோது இரண்டு பேராக வந்தார்கள், இப்போது அவள் மட்டும். நான் வெளியே, ஆபீசுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். அந்தக் கட்டடத்தில் யாரும் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வழியில் தங்குகிறவன் சுவரில் ஆணி அடிப்பானா என்பது கேள்வி. அதனால் இருபத்திரண்டு குடும்பத்தின் காலண்டரும் தரையில்தான் கிடக்கும். தேதி பார்க்கக் குனிய வேண்டும்.

பெட்டி ஞாயிறு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சபையைத் தொடங்கிய மனிதரை எல்லோரும் பெரியவர் என்போம். அவரிடம் ஒரே ஒரு தகரப் பெட்டிதான். வருஷத்துக்கு ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அந்தப் பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுவந்து தூக்கிப் பார்ப்பார். தூக்க முடிந்தால் சரி. முடியாவிட்டால் இரண்டு புத்தகத்தை எடுத்து யாருக்காவது கொடுத்துவிட்டு மறுபடி தூக்குவார். கர்த்தர் கூப்பிடும்போது பெட்டி தூக்க அடுத்தவனைத் துணைக்குத் தேடக் கூடாது என்பார். அவ்வளவுதான், சட்டமும் இல்லை, நோட்டும் இல்லை. கடைசி வருஷம் பெட்டியில் ஒரு வேட்டியும் வேதமும் மட்டும் இருந்தன. அப்போதும் இரண்டு கையாலும்தான் தூக்கினார்.

அவர் போன பிறகு கமிட்டி வந்தது. கமிட்டி வந்தால் சும்மா இருக்குமா? ஆளுக்கு முப்பது கிலோ என்று வரம்பு போட்டார்கள், எடை போட என்னையும் ஆபீஸ் தராசையும் பிடித்தார்கள். கட்டில், படுக்கை, அடுப்பு நீங்கலாக மற்ற எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஒரு தடவை கூடினால் எச்சரிக்கை, மறு வருஷமும் கூடினால் அறையைக் காலி செய்ய வேண்டும். காலி செய் என்று சொல்ல மாட்டார்கள், அது அன்பில்லாத பேச்சாம். "யாத்திரையைத் தொடரும்படி அனுப்புதல்" என்று எழுதுவார்கள். எல்லாரையும் விடக் குறைந்த எடைக்காரருக்கு ஒரு கேடயம். தேக்குப் பலகையில் பித்தளைத் தகடு பதித்து, "இலகுவான யாத்திரிகர்" என்று கொட்டை எழுத்தில் பொறித்து, கீழே பெயரும் வருஷமும். அந்தக் கேடயத்தின் எடை நாலு கிலோ. இதைக் கேட்டு நான் சிரித்தபோது கமிட்டியில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

ஒன்பது வருஷமாக அந்தக் கேடயம் ஒரே ஆளுக்குத்தான் போகிறது. அவர்தான் எங்கள் செயலாளர். அவரும் அவர் மனைவியும் இரண்டு பேர், அறுபது கிலோ வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். முப்பது, முப்பத்தொன்றைத் தாண்டியதில்லை. எப்படி என்று கேட்பீர்கள். அவர் உட்காரும் சாய்வு நாற்காலி சபையுடையது. குளிர்சாதனப் பெட்டி மச்சானுடையது, மச்சான் வந்து எடுத்துக்கொண்டு போகிறவரைக்கும் அங்கே நிற்கிறது, பதினோரு வருஷமாக நிற்கிறது. பீரோ இரவல். அவர் கையில் கட்டியிருந்த கடிகாரம்கூடப் போன வருஷம் மகனுடையது என்று சொல்லிக் கழற்றி வைத்துவிட்டு வந்தார்.

போன வருஷம் அக்காவுக்கு மூன்று கிலோ கூடிவிட்டது. அத்தான் செத்து எட்டு மாசம்தான் ஆகியிருந்தது. இரண்டு பேர் ஒரு ஆளாகிவிட்டதால் அறுபது முப்பதாகிவிட்டது. ஆள் பாதியானால் சாமான் பாதியாகிவிடுமா? பானை இருக்கிறது, பெட்டி இருக்கிறது, தையல் மெஷின் இருக்கிறது. அவள் பிழைப்பே அந்த மெஷின்தான், தலைப்பகுதி மட்டும் பதின்மூன்று கிலோ. செயலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "சகோதரி, இது முதல் எச்சரிப்பு. துக்கத்திலகூட நாம பாரத்தைச் சேர்த்துக்கக் கூடாது" என்றார். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த மூலை அறைக்கு இரண்டு ஜன்னல். செயலாளர் மகனுக்கு இந்த வருஷம் கல்யாணம். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வருஷம் பெட்டி ஞாயிறுக்கு ஒரு வாரம் முன்னால் அக்கா ஆபீசுக்கே வந்தாள். கையில் ஒரு துணிப்பை. உள்ளே அத்தானின் பூட்ஸ். அவர் இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தவர். விரல் பக்கம் இரும்புத் தகடு வைத்த கனமான பூட்ஸ். தினமும் சாயங்காலம் அறை வாசலில் அதைக் கழற்றிப் போடும் சத்தம் இரண்டு மாடிக்குக் கேட்கும். அவர் போன பிறகும் அது வாசலில் அதே இடத்தில்தான் இருந்தது.

"தம்பி, பானை ரெண்டு குடுத்துட்டேன். மெஷின் ஸ்டாண்டைக் குடுத்துட்டேன். புடவை எல்லாம் குடுத்தாச்சு, நாலுதான் வெச்சிருக்கேன். இதையும் யாருக்காவது குடுத்துடு" என்றாள்.

"இதை எதுக்குக்கா குடுக்கணும்? நான் முள்ளைப் பாத்துக்கறேன். ஒரு காலை இப்படி முட்டுக் குடுத்தா ரெண்டு கிலோ குறையும், ஒருத்தருக்கும் தெரியாது."

"உன் தராசுல பொய் சொல்லி நான் அந்த ரூம்ல இருக்கணுமா? போடா." அவ்வளவுதான், போய்விட்டாள்.

பூட்ஸை நிறுத்துப் பார்த்தேன். இரண்டு கிலோ நானூறு. யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்பாரில்லாத பார்சல் வைக்கிற அலமாரியில் ஒரு சீட்டு கட்டி வைத்தேன். ஞாயிறு காலையில் கைவண்டியில் தராசை ஏற்றியபோது அதையும் கோணியால் மூடி எடுத்துக்கொண்டேன். முள்ளில் இடம் மிஞ்சினால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

முற்றத்தில் காலை ஒன்பது மணிக்கே திருவிழாக் கூட்டம். சக்கரம் வைத்த பெட்டி, தோல் பெட்டி, எண் பூட்டுப் பெட்டி. போன வருஷம் வைத்திருந்த பெட்டியை இந்த வருஷம் யாரும் கொண்டுவரவில்லை. "இது இறகு மாதிரி லேசு பிரதர், வெளிநாட்டுல இருந்து வரவழைச்சது" என்று ஒருவர் என்னிடம் தட்டிக் காட்டினார். உலகத்தை விட்டுப் போவதற்கு உலகத்திலேயே விலை உயர்ந்த பெட்டி வாங்கியிருக்கிறார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு எடையைச் சொன்னேன். போதகர் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, பயந்த சுபாவம். செயலாளர் தும்மினால் இவர் கைக்குட்டையை எடுப்பார்.

செயலாளர் தம்பதிக்கு முப்பத்தொன்று. கை தட்டினார்கள். பத்தாவது கேடயம் மேஜையில் தயாராக இருந்தது, பெயர்கூட முன்பே பொறித்தாகிவிட்டது.

அக்கா கடைசி. மெஷின் தலை உட்பட எல்லாம் அடங்கிய தகரப் பெட்டியைத் தானே தலையில் வைத்து இறக்கிக்கொண்டு வந்தாள். தையல் துணி மூட்டை சுமந்து பழகிய தலை அது. வைத்தாள். முள் ஆடி ஆடி நின்றது. இருபத்தெட்டு அறுநூறு.

எனக்கு உயிர் வந்தது. வரம்புக்குள்தான் இருக்கிறாள், அறை தப்பியது. ஆனால் மிச்சம் ஒரு கிலோ நானூறுதான், பூட்ஸுக்குப் போதாது. கோணியை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினேன்.

செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு, "அறை சோதனை பாக்கி இருக்கு" என்று எழுந்தார். எல்லா வருஷமும் பேருக்குச் செய்வதுதான் அது. இந்த வருஷம் மற்ற மாடிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கமிட்டிக்காரர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நேராக மூன்றாம் மாடிக்கு ஏறினார். பத்து நிமிஷத்தில் அந்த இரண்டு பேரும் ஒரு சாக்கு மூட்டையைப் படிப்படியாக இறக்கிக்கொண்டு வந்தார்கள். வாய் தைத்த மூட்டை. வைத்தபோது கணீரென்று ஏதோ சத்தம்.

"கட்டிலுக்கு அடியில, படுக்கைக்குப் பின்னால மறைச்சு வெச்சிருக்கு" என்றார் செயலாளர். முகம் மலர்ந்துபோய் இருந்தது. "எடை போடுங்க."

"அக்கா, என்னக்கா இது?" என்றேன்.

"என்னோடது இல்ல."

"பின்ன யாரோடது?"

"அதைச் சொல்ல மாட்டேன். ஒருத்தங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

 இவளைப் பிடித்து உலுக்கலாமா என்று இருந்தது. செயலாளர் நோட்டை வாங்கி உரக்கப் படித்தார். "விதி ஆறு. அறைக்குள் இருப்பது எதுவாயினும் அறைக்காரருடைய உடைமையாகக் கருதப்படும். இது நாம எல்லாரும் சேர்ந்து போட்ட விதி." எல்லோரும் சேர்ந்து என்றால் அவரும் அவருடைய பேனாவும். மச்சானின் குளிர்சாதனப் பெட்டி நிற்கிற அறைக்கு அந்த விதி ஒருநாளும் ஏறியதில்லை.

மூட்டை முப்பத்தாறு கிலோ. அக்கா பெட்டியோடு சேர்த்தால் அறுபத்து நாலு அறுநூறு. செயலாளர் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்தார். பிறகு, "சகோதரி, மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ரெண்டாவது தடவை. இந்த மாசக் கடைசியில நீங்க யாத்திரையைத் தொடரணும்" என்றார். அக்கா மூன்றாம் மாடி ஜன்னலை அண்ணாந்து ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"எழுதுங்க போதகரே" என்றார் செயலாளர்.

"எழுத முடியாது" என்றேன் நான்.

"ஏன்?"

"உள்ள என்ன இருக்குன்னு எழுதாம எங்க ஆபீஸ்ல ஒரு மூட்டையும் எடை சீட்டு வாங்காது. சாமான் பேர், எடை, யார் பேர்ல, மூணும் வேணும். நான் இருபத்தேழு வருஷமா அப்படித்தான் போடறேன்."

"தாராளமா திறங்க! எல்லாரும் பாக்கட்டும்" என்று செயலாளரே கத்தரியை நீட்டினார். பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி, "ஐயோ, வேண்டாங்க" என்றார். செயலாளர் காதில் அது விழவில்லை.

தையலை வெட்டிப் பிரித்தேன். மேலே பழைய செய்தித்தாள். அதை விலக்கினால் பித்தளை பளபளவென்று மின்னுகிறது. ஒன்றை எடுத்தேன். இலகுவான யாத்திரிகர் என்று கொட்டை எழுத்து. கீழே செயலாளரின் பெயர். இன்னொன்றை எடுத்தேன். இலகுவான யாத்திரிகர், செயலாளரின் பெயர். ஒன்பதையும் முற்றத்தில் வரிசையாக அடுக்கினேன். ஒன்றில்கூடப் பச்சைக் களிம்பு ஏறவில்லை, அக்கா மாசாமாசம் தையலைப் பிரித்துத் துடைத்து மறுபடி தைத்து வைத்திருக்கிறாள்.

கூட்டத்தில் எங்கோ ஒருவர் இருமுவது போலச் சிரித்தார், அது மெல்லப் பரவியது.

செயலாளர் மனைவியிடம் திரும்பினார். "எங்கயாவது வைன்னுதானே சொன்னேன்?"

"இதுவும் எங்கயாவதுதாங்க" என்றார் அந்த அம்மா. ஒன்பது வருஷமாக அடக்கி வைத்திருந்தது அவிழ்ந்துகொண்டது. "நம்ம ரூம்ல வெச்சா எடை ஏறும்னீங்க. ஹால்ல மாட்டலாம்னா ஆணி அடிக்கக் கூடாதுன்னீங்க. தூக்கி எறியலாம்னா உங்க பேர் இருக்கு. நான் தலையில வெச்சுக்கிட்டா நிப்பேன்? இந்த அக்காதான் பாவம், யார்கிட்டயும் சொல்லாம வாங்கி வெச்சாங்க."

"சரி, யார் பேர்ல எழுத?" என்று நான் கேட்டேன். எனக்கு இப்போது ஆபீஸ் குரல் வந்துவிட்டது.

"அது... சபைச் சொத்து."

போதகர் நோட்டைப் புரட்டினார். ஒரு தடவை செயலாளரைப் பார்த்தார், ஆனாலும் சொல்லிவிட்டார். "சபைச் சொத்துப் பட்டியல்ல இது இல்லையேங்கய்யா. பட்டியல் நீங்கதான் எழுதியிருக்கீங்க."

செயலாளர் கேடயங்களைப் பார்த்தார். அக்காவுடையது என்று சொன்னால் ஒன்பது கேடயமும் அவளுக்குப் போகும். தன்னுடையது என்று சொன்னால் முப்பத்தொன்றும் முப்பத்தாறும் அறுபத்தேழு. கடைசியில், "என் பேர்லயே எழுதுங்க" என்றார்.  வரம்பை விட ஏழு கிலோ அதிகம், முதல் எச்சரிப்பு. பத்தாவது கேடயம் அடுத்த குறைந்த எடைக்காரருக்கு என்று போதகர் கூப்பிட்டார். அந்தப் புருஷனும் மனைவியும் ஒரே நேரத்தில், "ஐயோ, எங்களுக்கு வேண்டாம், அதை வாங்கினா எங்களுக்குக் கூடிடும்" என்றார்கள். அதற்கடுத்தவர் அதற்குள் கூட்டத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

எல்லோரும் இப்போது சத்தமாகவே சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைவண்டிக்குப் போய்க் கோணியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பூட்ஸை எடுத்து வந்தேன். அக்காவின் பெட்டியைத் தராசில் ஏற்றி அதன்மேல் டொம்மென்று வைத்தேன்.

"இது எங்க அத்தான் பூட்ஸ். ரெண்டு கிலோ நானூறு. இதுக்கு இடம் இல்லைன்னு எங்கக்கா என் கையில குடுத்துட்டுப் போனா. அவ கட்டிலுக்கு அடியில உங்க தாழ்மை முப்பத்தாறு கிலோ இருந்துச்சு. அதுக்கு இடம் இருந்துச்சு. செத்துப்போன மனுஷனோட செருப்புக்கு இடம் இல்ல!" என் குரல் உடைந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் அழுதது எனக்கே வெட்கமாக இருந்தது.

 செயலாளர் மட்டும், அந்த நிலையிலும், கண்ணாடியைச் சரி செய்துகொண்டு முள்ளைப் பார்த்தார். "முப்பத்தொண்ணு காட்டுது. ஒரு கிலோ கூடுது" என்றார். பழக்கம் அப்படி.

ஒரு கிலோ கூடத்தான் செய்தது. என் கால் தராசின் ஓரத்தில்தான் இருந்தது. லேசாக நகர்த்தினால் போதும். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பூட்ஸ் இரண்டையும் வாரால் முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பெட்டியைத் தராசிலிருந்து இறக்கி முழங்காலில் ஏற்றி, ஒரே மூச்சில் தலைக்குக் கொண்டுபோனாள்.

"பெரியவர் முள்ளைப் பாத்ததே இல்ல. தூக்க முடியுதான்னுதான் பாத்தார். நான் தூக்கிட்டேன். எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். மூன்று மாடி. ஒரு திருப்பத்தில்கூட நிற்கவில்லை. மேலே வாசலில் பூட்ஸ் விழுகிற சத்தம் பழையபடி கேட்டது. போதகர் குறிப்பு என்ற கட்டத்தில் எடையை எழுதாமல் "தூக்கினார்" என்று எழுதி நோட்டை மூடிவிட்டார். செயலாளர் வாயைத் திறந்தார், பிறகு கீழே கிடந்த ஒன்பதையும் பார்த்து மூடிக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. எனக்குத் தராசைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். செயலாளர் கேடயங்களைச் சாக்கில் போட்டு இழுத்தார், வரவில்லை. கட்டிப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார், அதுவும் முடியவில்லை. "கொஞ்சம் ஒரு கை பிடிங்க பிரதர்" என்றார்.

"பிடிக்கறேன். எங்க கொண்டு போகணும்?"

அவர் தன் அறைப் பக்கம் பார்த்தார். பிறகு ஹாலின் வெறும் சுவரைப் பார்த்தார். தெருவைக்கூடப் பார்த்தார்.  வியர்த்துப்போய், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு, அந்த மூட்டைக்குப் பக்கத்தில் நின்றார்.

அப்போது மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "ஐயா, மேல கொண்டு வந்துடுங்க. கட்டிலுக்கு அடியில இடம் அப்படியேதான் இருக்கு."

"உனக்குப் புத்தி இருக்காக்கா?" என்று கீழேயிருந்து கத்தினேன்.

"சும்மா இரு தம்பி. அவருக்கு வேற எங்க இடம் இருக்கு, நீயே சொல்லு."

நான் தராசின் பக்கம் திரும்பினேன். செயலாளர் குனிந்து சாக்கின் வாயை விரித்தார். அதிலிருந்து ஒரு கேடயத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினார். இறங்கி வந்து இன்னொன்றை எடுத்தார். அப்படி ஒன்பது தடவை ஏறி இறங்கினார். நான் தராசைக் கட்டிவிட்டு வண்டியில் சாய்ந்துகொண்டு பார்த்தேன், ஒரு கைகூடப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் மேலே அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாளாம்.